அரணில்லா அரண்மனை

அரசன் உறையும் இல்லத்திற்குத் தமிழில் பெயர்கள் பல உள. கோ வாழும் இல் ஆதலின் அது கோயில் எனப்பட்டது. பின்னாளில் அப்பெயர் இறைவன் உறையுளுக்கே உரியதாயிற்று. மாளிகை, மாடம் என்பன கட்டடத்தின் உயர்வைச் சுட்டுவன. அரண்மனை என்னும் பெயரோ காவலைச் சுட்டுவது. அரண் சூழ்ந்த மனையே அரண்மனை. நெடுநல்வாடையில் வரும் பாண்டியன் மனையும் அத்தகையதே. நடுப்பகலில் கோல் நட்டு, அதன் நிழல் கண்டு திசை தெரிந்து, நூல் பிடித்து நிலம் வகுத்து நூலறி புலவர் அமைத்த மனை அது. கொடி ஏந்திய யானை தலை தாழ்த்தாமல் நுழையும் அளவுக்கு அதன் வாயில் உயர்ந்திருந்தது. மதில் இல்லாத மனைக்கு அத்தகைய வாயில் வேண்டியதில்லை.

பினாங்குத் தீவில் ஆயர் ஈத்தாம் ஆற்றின் கரையில், பெருஞ்சாலைக்குச் சற்று உள்ளே, வெண்ணிறமான ஈரடுக்கு மாளிகை ஒன்று இருக்கிறது. சஃபோக் மாளிகை என்பது அதன் பெயர். சுற்றிலும் புல்வெளி, அப்பால் மலை. பள்ளிப் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்களிடம் பிள்ளைகள் முதலில் கேட்கும் கேள்வி, “இஃது எந்த ராசாவின் அரண்மனை?” என்பதே. கேள்வி எளியது, விடை அவ்வளவு எளியதன்று. பினாங்கு மாநிலத்திற்குச் சுல்தான் இல்லை. மலாக்கா, சபா, சரவாக் ஆகியவற்றைப் போல இங்கும் ஆளுநரே மாநிலத் தலைவர். ஆயினும் இத்தீவு ஒரு காலத்தில் அரசர் ஒருவருக்கு உரியதாய் இருந்தது. அவ்வரசரின் மகன் தம் அரண்மனையை இழந்து இத்தீவிலேயே அடைக்கலம் புகுந்த காலத்தில், இந்த வெண்மாளிகையின் உரிமையாளரே தீவின் கவர்னராய் இருந்தார். பிள்ளைகளின் கேள்விக்கு விடை அங்கேதான் கிடைக்கிறது. அதனைச் சொல்லுமுன் மாளிகையின் பிறப்பைச் சொல்லுதல் வேண்டும்.

முதலில் ஒரு பிழையைக் களைவது நல்லது. சஃபோக் மாளிகையைக் கட்டியவர் பிரான்சிஸ் லைட் என்று பலரும் எழுதுகின்றனர். பிள்ளைகளும் அவ்வாறே மனப்பாடம் செய்கின்றனர். லைட் 1786 சூலைத் திங்களில் இத்தீவில் இறங்கி, ஆகஸ்டு 11-ஆம் நாள் ஆங்கிலக் கொடியை ஏற்றியவர் என்பது உண்மை. இங்கிலாந்தில் தாம் பிறந்த சஃபோக் என்னும் வட்டாரத்தின் பெயரை, இங்குத் தாம் திருத்திய நிலத்திற்கு இட்டவரும் அவரே. ஆனால் அங்கு அவர் வாழ்ந்த வீடு மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆனது. 1794-ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் இறந்தார். இன்று நிற்கும் செங்கல் மாளிகை அவருக்குப் பிற்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் எட்வர்டு பிலிப்ஸ் என்பவர் எழுப்பியது. பெயர் லைட்டினுடையது, சுவர் பிலிப்சினுடையது. இவ்வளவை நினைவிற் கொண்டால் குழப்பமில்லை.

லைட் அந்நிலத்தைத் திருத்தியது மாளிகைக்காக அன்று, மிளகுக்காக. காடு வெட்டியவர்க்கே நிலம் என்னும் வகையில் தீவு பங்கிடப்பட்ட காலம் அது. 1790-ஐ ஒட்டி அச்சேயிலிருந்து மிளகுக்கொடி கொணரப்பட்டது. சீனக் குடிகளின் தலைவரான கோ லே ஹுவான் அதனைக் கொண்டுவந்தார் என்பர். தாங்குமரம் நட்டு, கொடியை ஏற்றி, மூன்று ஆண்டு காத்திருந்தால்தான் மிளகு காய்க்கும். பழந்தமிழர் மிளகைக் கறி என்றனர். அதனை மேலை நாட்டுக் கப்பல்களுக்கு ஏற்றிவிட்ட மரபினர், பல நூற்றாண்டுகள் கழித்து இத்தீவின் துறைமுகத்தில் வந்து இறங்கிக்கொண்டிருந்தனர். சோழமண்டலக் கரையிலிருந்து வரும் கப்பல்கள் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை ஏற்றிவருகின்றன என்றும், அவர்கள் வாணிகத்தாலும் பலவகைக் கூலி வேலையாலும் சில வெள்ளி சேர்த்துக்கொண்டு ஊர் திரும்ப, அவர்கள் இடத்திற்கு வேறு சிலர் வருகின்றனர் என்றும் லைட் 1794-இல் எழுதினார். சூலியர் என்று அவர் குறிப்பிட்ட மக்களின் பெயரே ஜார்ஜ்டவுன் நகரின் சூலியா தெருவில் இன்றும் நிலைத்திருக்கிறது.

இவ்விடத்தில் தோட்டம் என்னும் சொல்லைச் சிறிது ஆராயலாம். தமிழ்நாட்டில் தோட்டம் என்றால் வீட்டை ஒட்டிய செடிகொடியும் கீரைப் பாத்தியும் நினைவுக்கு வரும். மலேசியத் தமிழருக்கோ அச்சொல் வேறு. ஆயிரம் ஏக்கர் பால்மரக் காடும், வரிசை வீடும், விடியற்காலைப் பெரட்டும் சேர்ந்ததே இங்குத் தோட்டம். தோண்டுதல் என்னும் பொருளுடைய தொடு என்னும் வினையோடு இச்சொல்லைச் சேர்த்துக் காட்டுவாரும் உளர். அது பொருந்துமாயின் இரு பொருளுக்கும் வேர் ஒன்றே: மண்ணைத் தோண்டிய கை. பழைய நூல்கள் இன்பத்திற்கான தோட்டத்தையும் பயனுக்கான தோட்டத்தையும் பெயராலேயே வேறுபடுத்தின. கா, பொழில், சோலை, தண்டலை என்பன நிழலையும் மலரையும் நினைவூட்டும். படப்பை, துடவை, கொல்லை என்பன விளைவை நினைவூட்டும். அரசர்க்கே உரிய இன்பச் சோலைக்கு உய்யானம் என்னும் வடசொல் வழக்கு வந்தது. சஃபோக் நிலம் படப்பையாய்ப் பிறந்து, உய்யானமாய் வளர்ந்தது எனலாம்.

அவ்வளர்ச்சிக்குக் காரணம் அரசியல். 1805-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் பினாங்கை வங்காளம், சென்னை, பம்பாய் ஆகியவற்றுக்கு நிகரான நான்காவது மாகாணமாக உயர்த்தினர். சிறு தீவுக்கு ஒரு கவர்னர், ஆலோசனைச் சபை, செயலாளர், துணைச் செயலாளர் என உத்தியோகப் பட்டாளமே வந்து இறங்கியது. பிற்காலத்தில் சிங்கப்பூரால் பெயர்பெற்ற இராபிள்ஸ் அவ்வாண்டு துணைச் செயலாளராய் வந்தவர்களுள் ஒருவர். கடலோரத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை இருந்தது. ஆனால் நகரின் வெம்மையையும் சதுப்பையும் விட்டு விலகி, மலையடிவாரத்தில் வாழ்வதையே பெரிய உத்தியோகத்தர் விரும்பினர். பிலிப்ஸ் அத்தகையவர். பல முறை தற்காலிக கவர்னராகவும், 1820 முதல் 1824 வரை கவர்னராகவும் இருந்தவர் அவர். அவருடைய மாளிகை கவர்னர்கள் தங்கவும் விருந்தளிக்கவும் உரிய இடமாயிற்று. அரண் கடலோரத்தில்; மனை ஆற்றோரத்தில். தமிழ்ச் சொல்லின் இரு பகுதிகளும் பினாங்கில் நான்கைந்து கல் இடைவெளியில் பிரிந்து நின்றன.

மாளிகையின் வடிவம் இங்கிலாந்திலிருந்து நேரே வந்ததன்று. சென்னை வழியாகவும் கல்கத்தா வழியாகவும் வந்தது. சென்னைப் பட்டினத்தில் ஆங்கிலேயர் முதலில் ஜார்ஜ் கோட்டைக்குள்ளேயே நெருங்கி வாழ்ந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் அச்சம் குறைந்து செல்வம் பெருகியபோது, கோட்டையை விட்டு வெளியேறி மவுண்டு ரோடை அடுத்த வெளிகளில் பரந்த தோட்டங்களின் நடுவே வீடுகள் கட்டிக்கொண்டனர். அவை தோட்டவீடுகள் எனப்பட்டன. உயர்ந்த தூண்கள், வெயில் படாத ஆழமான தாழ்வாரம், காற்று ஊடுருவும் பெரிய கூடங்கள், வீட்டை விட்டுத் தள்ளிய சமையற்கட்டு என்பன அவற்றின் இலக்கணம். சென்னைக் கவர்னரின் இல்லமும் இவ்வகையினதே. அவ்வில்லம் புதிய தலைமைச் செயலகக் கட்டடத்திற்காக இடிக்கப்பட்டுவிட்டது. அதன் அருகே கோல்டிங்காம் என்பவர் 1800-க்கும் 1802-க்கும் இடையில் எழுப்பிய விருந்து மண்டபம் மட்டும் இராஜாஜி மண்டபம் என்னும் பெயரோடு நிற்கிறது. சென்னையில் அம்மண்டபத்தின் படிகளைக் கண்டவர்க்குச் சஃபோக் மாளிகை புதியதாய்த் தோன்றாது. கீழ்த்தளத்தில் வளைவுகள், மேல்தளத்தில் தூண் வரிசை, மேலே ஆற்றை நோக்கிய பெருங்கூடம். மலேசியாவில் இவ்வகைத் தோட்டவீடு இஃது ஒன்றே எஞ்சியது என்பர்.

இனிச் சுவர். செங்கல்லும் சுண்ணச்சாந்துமே இதன் உடல். ஆங்கிலேயர் ‘சுனம்’ என்று எழுதிய சொல், சுண்ணம், சுண்ணாம்பு என்னும் தமிழ் வழக்கோடு உறவுடையது. சொல் மட்டுமன்று, தொழிலும் சோழமண்டலக் கரையிலிருந்தே அவர்களுக்கு அறிமுகமாயிற்று. கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, சலித்து, மணலோடு சேர்த்துப் பல நாள் அரைப்பர். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லம் கரைத்த நீரும் சேர்ப்பர். கடைசிப் பூச்சுக்கு மாவினும் நுண்ணிய சுண்ணாம்பும் முட்டையின் வெண்கருவும். பூசியபின் வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருப்பர்; கை ஓய்ந்தால் மெருகு ஏறாது. அவ்வாறு தேய்த்த சுவர் சலவைக்கல்போல் ஒளிர்வது கண்டு சென்னைக்கு வந்த ஐரோப்பியர் வியந்து எழுதினர். மதுரையில் 1636-இல் எழுந்த திருமலை நாயக்கர் அரண்மனையின் பெருந்தூண்களும் இச்சாந்தால் மெருகு பெற்றவையே. செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களில் முகம் தெரிவதற்கும் இதுவே காரணம். மதுரை அரண்மனையைப் பேரன் சொக்கநாத நாயக்கர் பிரித்துத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுபோனதும், எஞ்சியதைச் சென்னைக் கவர்னர் நேப்பியர் 1866-க்குப்பின் பழுது பார்த்ததும் பலர் அறிந்தவை. சுதையால் ஆன மனை ஆள் இல்லாவிட்டால் விரைவில் அழியும். சஃபோக் மாளிகைக்கும் அந்த விதி நேர்ந்தது, அது பின்னர்.

தோட்டத்திற்கு வருவோம். உலக அரண்மனைத் தோட்டங்கள் பெரும்பாலும் கோடு போட்டு வகுத்தவை. முகலாயர் தோட்டங்களில் நீர்க்கால்கள் நிலத்தை நான்காய்ப் பிரிக்கும். பிரான்சில் பதினான்காம் லூயி மன்னன் 1661 முதல் வெர்சேயில் அமைத்த தோட்டத்தில் மரங்கள் சுவர்போல் கத்தரிக்கப்பட்டு, பாதைகள் அம்புபோல் ஓடும். மன்னன் மாடத்தில் நின்றால் அவன் கண் செல்லும் திசையிலெல்லாம் இயற்கை அவனுக்கு அடங்கி வரிசையில் நிற்கும்.

தமிழில் இதற்கு ஒப்பான காட்சி மணிமேகலையில் இருக்கிறது. சிறைக்கோட்டம் அறக்கோட்டமான காதையில் சோழ வேந்தன் மாவண்கிள்ளி தேவியோடு பூஞ்சோலையில் உலாவுகிறான். பொறியால் நீர் இறைக்கும் கிணறு, கல் அடுக்கிய செயற்கைக் குன்று, அதிலிருந்து விழும் அருவி, மலர்ப்பந்தல், பொய்கை, நீர் மறைந்திருக்கும் கேணி, ஒளிந்து விளையாடும் இடங்கள், பளிங்கு அறை ஆகியவற்றைச் சாத்தனார் அடுக்குகிறார். குரங்குகள் ஊசலாடி விளையாடுவதையும் அரசன் கண்டு மகிழ்கிறான். பின்னர் அவன் சென்று தங்கும் மண்டபத்தைச் செய்தவர்கள் யாவர் என்பதையும் புலவர் சொல்லத் தவறவில்லை: மகத நாட்டு வினைஞர், மராட்டக் கம்மர், அவந்திக் கொல்லர், யவனத் தச்சர், அவர்களோடு கூடிய தமிழ் வினைஞர். அரண்மனையைப் பாடும் புலவர் கைவினைஞரையும் நாடு சுட்டி நினைப்பது பெருந்தன்மை. சஃபோக் மாளிகையின் கதையைச் சொல்லும் நூல்கள் அதன் உரிமையாளர்களை வரிசையாகச் சொல்லும். சாந்து அரைத்தவர், சுவரைத் தேய்த்தவர் பெயர்களைத் தேடினால் கிடைப்பதில்லை.

ஆனால் சஃபோக் தோட்டம் சாத்தனார் காட்டும் சோலையும் அன்று, வெர்சேயும் அன்று. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோட்டக்கலையில் ஒரு மாற்றம் நேர்ந்தது. பிரவுன் முதலியோர் நேர்கோட்டுப் பாதைகளை அழித்து, நிலத்தை மெல்லிய மேடுபள்ளமாய்ச் சரித்து, புல் பரப்பி, மரங்களைக் கொத்துக் கொத்தாக நட்டு, யாரும் திட்டமிடாதது போன்ற ஒரு தோற்றத்தைத் திட்டமிட்டு உண்டாக்கினர். வேலி தெரியாது, வேலையாளும் தெரியார். 1811-இல் பினாங்குக்கு வந்த வாத்தன் என்னும் பயணியும், சில ஆண்டுகளுக்குப்பின் இங்கிருந்த படைப்பொறியாளர் இராபர்ட் சுமித்தும் இம்மாளிகையைப் படமாக வரைந்துள்ளனர். சுமித் தீட்டிய காட்சிகள் டானியல் என்பவரால் அச்சுப்படமாகி 1821-இல் வெளிவந்தன. அப்படத்தில் மிளகுக்கொடி ஆட்சி செய்யவில்லை. புல்வெளியும் மரக்கூட்டமும் மலையுமே கண்ணைக் கவர்கின்றன. நெப்போலியன் போர்களில் ஐரோப்பியத் துறைமுகங்கள் அடைபட்டு மிளகு விலை வீழ்ந்தது; பினாங்கில் மிளகுத் தோட்டங்கள் தளர்ந்தன. விளைச்சலால் பயன் குறைந்த காலத்திலேதான் அழகால் பயன் கொள்ளும் தோட்டம் அங்கே விரிந்தது என்பதைக் கருதிப் பார்க்க வேண்டும்.

பயன் தரும் தோட்டம் தீவை விட்டுப் போய்விடவில்லை. 1800-ஐ ஒட்டிக் கம்பெனியார் மொலுக்காத் தீவுகளிலிருந்து சாதிக்காயும் கிராம்பும் கொணர்ந்து பயிரிட்டனர். சாதிக்காய் பின்னர் பெருகி, 1860-களில் நோய் கண்டு மடிந்தது. எதிர்க்கரையில் செபராங் பிறையில் கரும்பு வந்தது. அதனோடு ஒப்பந்தக் கூலிகளாய்த் தமிழர் வந்தனர். கரும்புக்குப் பின் ரப்பர். 1910-இல் அவ்வொப்பந்த முறை ஒழிக்கப்படும் வரை எத்தனையோ தலைமுறை அதில் கட்டுண்டு கிடந்தது. தண்ணீர்மலைக்கு அருகே 1884-இல் சார்லஸ் கர்ட்டிஸ் அமைத்த தாவரத் தோட்டம் அரசினருடையது; அங்கு மக்கள் எல்லோரும் உலாவலாம். கவர்னர் மாளிகையின் தோட்டத்தில் அழைக்கப்பட்டவரே உலாவினர்.

அழைக்கப்பட்டவருள் ஒருவரால் இத்தீவின் பெருமையே மங்கியது. 1818 முடிவில் இராபிள்ஸ் பினாங்குக்கு வந்தார். அப்போது கவர்னர் பானர்மன், பிலிப்சின் மாமனார். மலாக்கா நீரிணையின் தென்முனையில் புதிய துறைமுகம் ஒன்று வேண்டும் என்று இராபிள்ஸ் வாதிட, பானர்மன் அதனை விரும்பவில்லை. அந்தப் பேச்சுகள் சஃபோக் மாளிகையில் நடந்தன என்பது வழிவழிச் செய்தி. கவர்னரின் தடையைப் பொருட்படுத்தாமல் 1819 சனவரியில் இராபிள்ஸ் புறப்பட்டுவிட்டார். பிப்ரவரி 6-ஆம் நாள் சிங்கப்பூரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அவ்வாண்டே பானர்மன் வாந்திபேதியால் இறந்தார். வாணிகம் மெல்ல மெல்லத் தெற்கே போயிற்று. 1830-இல் பினாங்கு மாகாணத் தகுதியை இழந்தது.

இப்போது அரசரின் கதை. பினாங்கு கெடா சுல்தானின் நிலம். கெடா என்பது பழைய கடாரம். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்து குவிந்த பொருள்களுள் காழகத்து ஆக்கமும் ஒன்று. காழகம் என்பதற்குக் கடாரம் என்றே நச்சினார்க்கினியர் உரை எழுதினார். 1025-இல் இராசேந்திர சோழனின் கடற்படை தாக்கிய நாடும் இதுவே. சோழன் கடாரங்கொண்டான் என்று பெருமையாய்ப் பேசும் தமிழர், அந்நாட்டு மன்னர் பின்னாளில் பட்ட பாட்டையும் அறிந்திருத்தல் நேர்மை.

சுல்தான் அப்துல்லா 1786-இல் தீவை ஆங்கிலேயர் குடியேற விட்டது வாணிகத்திற்காக மட்டுமன்று. வடக்கே சயாம் அச்சுறுத்திக்கொண்டிருந்தது. ஆபத்துக் காலத்தில் ஆங்கிலேயர் படைத்துணை தருவர் என்று அவர் எதிர்பார்த்தார். லைட் நம்பிக்கை ஊட்டினார். கம்பெனியார் உறுதி தர மறுத்தனர். ஏமாற்றம் அடைந்த சுல்தான் 1791-இல் பிறைக் கரையில் படை திரட்ட, லைட் முந்திக்கொண்டு தாக்கினார். முடிவில் ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி என்று உடன்படிக்கை ஏற்பட்டது. எதிர்க்கரையும் 1800-இல் கொடுக்கப்பட்டபின் தொகை 10,000 ஆயிற்று. பணம் எழுதப்பட்டது, படைத்துணை எழுதப்படவில்லை.

1821 நவம்பரில் சயாமின் சார்பில் லிகோர் தலைவனின் படை கெடாவில் புகுந்தது. அலோர் ஸ்டாரில் 1735 முதல் நின்ற அரசவை மண்டபமும் அப்போரில் அழிந்தது. அப்துல்லாவின் மகனான சுல்தான் அகமது தாஜுதீன் நாட்டை விட்டுத் தப்பி, தம் தந்தை கொடுத்த பினாங்குத் தீவில் வந்து சேர்ந்தார். அவரோடு குடிமக்களும் கூட்டங் கூட்டமாய் வந்தனர். அப்போது கவர்னர் பிலிப்ஸ். சுல்தானைப் பிடித்துக் கொடுக்கும்படி லிகோர் தலைவன் கேட்டபோது பிலிப்ஸ் மறுத்தார். அது அவருக்குப் பெருமை. ஆனால் நாட்டை மீட்டுத் தரும்படி சுல்தான் கேட்டபோது கம்பெனியார் படை அனுப்பவில்லை. 1826-இல் பர்னி என்பவர் சயாமோடு செய்த உடன்படிக்கையில், சுல்தானைக் கெடாவுக்கு அருகில் தங்கவிடுவதில்லை என்றும் ஆங்கிலேயர் ஒப்புக்கொண்டனர். அதன்படி 1831-இல் அவர் மலாக்காவுக்கு அனுப்பப்பட்டார். ஏறத்தாழ இருபது ஆண்டு வெளியே திரிந்து 1842-இல் கெடாவுக்குத் திரும்பியபோது, அவர் விட்டுச்சென்ற நாடு முழுதாக அவருக்குக் கிடைக்கவில்லை. பெர்லிஸ் தனியாகப் பிரிந்துவிட்டது.

எனவே “எந்த ராசாவின் அரண்மனை?” என்று கேட்கும் பிள்ளைக்கு, “நிலம் கொடுத்த ராசாவின் பிள்ளை அதே தீவில் அகதியாக இருந்தபோது, நிலம் வாங்கியவர்களின் கவர்னருக்கு இங்கு மாளிகை இருந்தது” என்று சொல்லலாம். விடை நீளமானது, ஆனால் சரியானது. மன்னர்க்கு அரண் தேவைப்பட்டது, கிடைக்கவில்லை. கவர்னர்க்குத் தோட்டத்தைச் சுற்றி மதில்கூட வேண்டியிருக்கவில்லை. கப்பற்படை இருந்தவர்க்குக் கடலே அகழி.

லைட்டின் குடும்பத்திற்கும் இந்நிலம் நிலைக்கவில்லை. தம்முடன் வாழ்ந்த மார்ட்டினா ரொசெல்ஸ் அம்மையாருக்கு அவர் இதனை எழுதிவைத்தார். சில ஆண்டுகளில் அது கைமாறிவிட்டது. அவர்கள் மகன் வில்லியம் லைட் 1786-இல் கோலக்கெடாவில் பிறந்து, சிறுவயதை இங்குக் கழித்து, பின்னர் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரை 1837-இல் அளந்து வகுத்தவர். நகரைச் சுற்றி நான்கு புறமும் பசுந்தோட்டம் வளையமாய் இருக்கும்படி அவர் திட்டமிட்டது உலகப் புகழ் பெற்றது. மிளகுத் தோட்டத்து நினைவுக்கும் அதற்கும் தொடர்பு கற்பிப்பது கவிஞர் வேலை.

மாகாணம் போனபின் மாளிகை பலர் கை மாறியது. 1920-களில் லிம் செங் தெயிக் என்னும் சீனச் செல்வரிடம் இருந்தது. 1928-இல் மெதடிஸ்டு திருச்சபையார் வாங்கிப் பள்ளிக்கூடமாக்கினர். மணிமேகலையின் வேண்டுகோளால் சோழன் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினான். இங்கு விருந்து மண்டபம் வகுப்பறை ஆயிற்று. ஆசிரியர்க்கு மாளிகையின் வரலாற்றில் இதனினும் மகிழ்ச்சியான பகுதி வேறில்லை. பினாங்குக்கும் பள்ளிக்கும் உள்ள தொடர்பு பழையது. 1816-இல் பாதிரியார் ஹட்சிங்ஸ் தொடங்கிய பினாங்கு இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்பும் நடந்தது. மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாக அதனையே கொண்டு 2016-இல் இருநூறாம் ஆண்டு கொண்டாடினர். கவர்னர் மாளிகையில் ஆட்டமும் பாட்டும் நடந்த அதே காலத்தில் நகரில் ஒரு சிறு கூட்டம் தமிழ் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தது.

பிள்ளைகள் நடந்து நடந்து தளம் தேய்ந்தது. கூரை ஒழுகியது. 1970-களில் கட்டடம் ஆபத்தானது எனப் பூட்டப்பட்டது. பின்னர் கால் நூற்றாண்டு மழையும் ஆலும் அரசும் அதனை ஆண்டன. மரபுச் சங்கத்தார் சிலர் விடாது வேண்ட, மாளிகை மாநில அரசின் பொறுப்புக்கு வந்தது. 2000-இல் தொடங்கி 2007 வரை திருப்பணி நடந்தது. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. ஜார்ஜ்டவுன் நகரமும் மலாக்காவும் உலக மரபு நகரங்கள் ஆனதும் அவ்வாண்டே.

திருப்பணியில் கற்க வேண்டிய ஒன்று உண்டு. பழைய சுண்ணச்சுவருக்குச் சிமெண்டு பூசினால் கேடு. செங்கல் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சும்; சுண்ணப்பூச்சு அதனை மெல்ல வெளியே விடும். சிமெண்டு அவ்வழியை அடைக்கும். ஈரம் உள்ளே தங்கி உப்புப் பூத்துச் செங்கல்லை அரிக்கும். பழங்கோயில்களில் நல்லெண்ணத்தோடு சிமெண்டு பூசிச் சுவரைக் கெடுத்தவர்கள் இதனை அறியார். ஆகவே இத்தகைய கட்டடத்தைச் செப்பனிட மீண்டும் சுண்ணாம்பையே நீற்ற வேண்டியிருக்கிறது. சிமெண்டு மூட்டையைப் பிரித்துக் குழைப்பது போன்ற விரைவு வேலை அன்று அது. நீற்றிய சுண்ணாம்பை ஊறவைத்துப் பொறுத்திருக்க வேண்டும். அதற்குரிய கொத்தனார் இந்நாட்டில் மிகச் சிலரே.

மாளிகைக்குச் செல்வோர் முன்வாயிலில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். அவர்கள் ஆற்றுப் பக்கம் போதல் வேண்டும். ஓவியர் சுமித்தின் எண்ணெய் வண்ணப் படங்கள் பினாங்கு மாநில அருங்காட்சியகத்திற்கு உரியவை. அச்சுப்படங்களோ நூல்களில் எளிதில் கிடைக்கும். ஒரு படியைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, ஓவியர் நின்ற இடம் எதுவாய் இருக்கும் என்று தேடச் சொல்லலாம். மரங்கள் மாறிவிட்டன, ஆறு ஒடுங்கிவிட்டது, சாலையின் இரைச்சல் கேட்கிறது. கொடிமலையின் முகடு மட்டும் படத்தில் உள்ளபடியே பின்னால் நிற்கும். அதனை அடையாளம் கண்டுகொண்டால் இடம் பிடிபட்டுவிடும். சுவரருகே வந்ததும் கையை வைத்துப் பார்க்கவும் சொல்லலாம். நண்பகலிலும் அது குளிர்ந்தே இருக்கும்.